பஸ்ஸக்கா மைக்கைப் பிடித்த நாள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையைத் தெரியாதவர்கள் இருந்தார்கள். பஸ்ஸக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. பதினோரு வருடமாகப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். எந்தப் பிள்ளைக்கு ஜன்னலோரம் கொடுக்காவிட்டால் வாந்தி வரும், எந்தப் பிள்ளையின் அம்மா தினமும் ஒரு கையில் சீப்போடு ஓடி வருவாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுடைய ஒரே மகளும் அங்கேதான் எட்டாம் வகுப்பு படித்தாள்.

அந்த மாதம் சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் நாற்பத்தெட்டுப் பேருக்கும் சம்மதப் படிவம் கொடுத்துவிட்டுப் போனாள். ஹெச்பிவி தடுப்பூசி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் ஒன்பது படிவம்தான் திரும்பியிருந்தது.

அன்று மாலை நர்ஸ் பேருந்திலேயே ஏறிக்கொண்டாள். "ஊசின்னா பிள்ளைங்கதான் பயப்படும்னு நெனச்சேன் அக்கா. இங்க அப்பா அம்மாதான் கதவுக்குப் பின்னால ஒளியறாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் முகம் வாடிப்போயிருந்தது.

காரணம் பஸ்ஸக்காவுக்குத் தெரியும். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஊசி போட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காதாம். அதைக் குழுவில் போட்டவன் வேறு யாருமில்லை, பேருந்தைப் பழுது பார்க்கும் மெக்கானிக். இரட்டைப் பெண்பிள்ளைகளைப் பெற்றவன். மறுநாள் பிரேக் பார்க்கப் பட்டறைக்குப் போனபோது அவனிடமே கேட்டுவிட்டாள்.

"ஏன் தம்பி, அத யாரு பேசினதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுக்கா. எனக்கு ஒருத்தர் அனுப்பினாரு, நான் நாலு பேருக்கு நல்லதுன்னு அனுப்பினேன்." அவன் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தான். "நாளைக்கு எம்பொண்ணுங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்கா பதில் சொல்றது?"

அவன் கண்ணில் இருந்தது வம்பு இல்லை, பயம். அதனால்தான் அவளால் கோபப்படவும் முடியவில்லை. அவளிடம் ஒரு பதில் இருந்தது. சொல்லாமல் வண்டியை எடுத்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்பு, முப்பத்தைந்து வயதில், அவளுடைய கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதே புற்றுநோய்தான். இன்னொரு பிள்ளைக்கு ஏங்கிக்கொண்டிருந்த சமயம் அது. தரைக்கு ஓடு பதிக்கும் வேலை செய்கிற கணவனுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். சொந்தபந்தத்திடம் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்தார்கள். "ஒண்ணோட நிறுத்திட்டியா?" என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பக் கற்றுக்கொண்டாள்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, கடைசி நிறுத்தத்தில் பிள்ளைகள் எல்லாம் இறங்கியபின், என்ஜினை அணைத்துவிட்டு மகளை அருகில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

மகள், "அப்ப நான் தங்கச்சி வேணும் தங்கச்சி வேணும்னு அடம்பிடிச்சப்போ எல்லாம்..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள்.

"உனக்கு என்னடா தெரியும், நீ சின்னப்பிள்ள."

"ஏம்மா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"காய்ச்சல் வந்தா வெக்கப்படுவியா? இதுவும் ஒரு நோவுதானே?" மகளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"சனிக்கிழமை பெத்தவங்க கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு இருக்கேன். நாளைக்கு உன்ன யாராவது ஒரு மாதிரி பாப்பாங்க. நீ வேணாம்னா சொல்லிரு, விட்டுடறேன்."

மகள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "பாத்தா பாக்கட்டும். நீ பேசும்மா."

சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம். நர்ஸ் படம் மாட்டி விளக்கினாள். ஒரு அம்மா எழுந்து, "இத்தினியூண்டு பிள்ளைங்களுக்கு எதுக்குங்க இப்பவே?" என்று கேட்டாள். "இந்த நோயக் கொண்டுவர்ற வைரஸ் உடம்புக்குள்ள வர்றதுக்கு முன்னாடி போட்டாதான் முழுப் பலன்" என்றாள் நர்ஸ். அப்போது மெக்கானிக் எழுந்தான். "குழந்தை பொறக்காதுங்கறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?" கூட்டம் சலசலத்தது. நர்ஸ் சொல்லச் சொல்ல யார் காதிலும் ஏறவில்லை.

பஸ்ஸக்கா காக்கிச் சட்டையோடு போய் மைக்கை வாங்கினாள். அவ்வளவு பெரிய வண்டியை வளைத்து ஓட்டுகிறவளுக்கு அந்தச் சின்ன மைக் கனத்தது.

"தம்பி, உன் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். எனக்கு ஒரே பொண்ணு. ஏன் தெரியுமா? இன்னொண்ணு பெத்துக்க ஆசை இல்லாம இல்ல. கர்ப்பப்பையே இல்ல எனக்கு. ஊசி எடுக்கலப்பா அத. புத்துநோய் எடுத்துச்சு. எனக்குப் பதிமூணு வயசுல இப்படி ஒரு ஊசி இல்ல. இருந்திருந்தா எங்கம்மா என்னத் தூக்கிட்டு ஓடியிருப்பாங்க."

மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பித்தப்பையில கல்லுன்னு பொய் சொன்னேன். ஆறு வருஷமா சொன்னேன். இன்னைக்கு நிறுத்திட்டேன். தினமும் உங்க பிள்ளைங்கள நம்பி எங்கிட்ட விடுறீங்க. இந்த ஒரு விஷயத்துலயும் என்னை நம்புங்க."

பின் வரிசையில் நின்றிருந்த கணவன் கையைத் தட்ட ஆரம்பித்தான். அவன் கண் கலங்கியிருந்ததை அவன் மறைக்கவும் இல்லை. பிறகு ஒவ்வொருவராகத் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது மெக்கானிக் தலையைச் சொறிந்தபடி வந்தான். "மன்னிச்சிருங்கக்கா. நாலு பேருக்கு அனுப்பினவன், இப்ப நாப்பது பேருக்குச் சொல்லணும்ல" என்று அங்கேயே போனை எடுத்து, தான் அனுப்பியது பொய் என்று தன் குரலிலேயே பேசி அனுப்பினான். மூன்று அம்மாக்கள் நர்ஸிடம் போய், தங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எங்கே செய்வார்கள் என்று மெல்லக் கேட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளும் பெரியவர்களானபின் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று நர்ஸ் சேர்த்துச் சொன்னாள்.

ஊசி போடும் நாளன்று நாற்பத்து மூன்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இரட்டையரில் ஒருத்தி ஊசியைப் பார்க்கும் முன்பே அலறினாள். மற்றவள், "இவ எப்பவும் இப்படித்தான்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனாள். ஊசி போட்டவர்களை அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மீதி ஐந்து வீட்டுக்கும் தானே போய்ப் பேசுவதாகப் பஸ்ஸக்கா நர்ஸிடம் சொல்லியிருந்தாள்.

பதிவேடு எழுத வந்திருந்த புது ஆளுக்கு யாரையும் தெரியாது. வரிசையில் முதலில் நின்றவளைப் பார்த்து, "நீ யார் பொண்ணும்மா?" என்றார்.

"பஸ் ஓட்டுறாங்கல்ல, அந்த அக்கா பொண்ணு" என்றாள் மகள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

வாசலில் நின்ற பஸ்ஸக்காவுக்கு உள்ளே போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போகவில்லை. மகளுக்கு அடுத்து இன்னும் நாற்பத்து இரண்டு பேர் நின்றார்கள். நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.