சிறுத்தைக்கு ஓர் எலி

புதன்கிழமை காலை பத்தரை மணி. சிபாட்டா மருத்துவமனைச் சமையற்கட்டில் தேநீர் வேளை. மருந்து கொடுக்கும் ஜேரே தட்டில் பீன்ஸ் விதைகளை வேன் இருக்கைகளாக அடுக்கிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை ஊழியர்கள் எல்லோரும் லுவாங்வா காட்டுக்குப் போகிறார்கள். ஏற்பாடு அவனுடையது.

"இது டிரைவர் சக்காலா. பக்கத்தில நான். கடைசில, சோத்துப் பானைக்குப் பக்கத்தில நம்ம நர்சம்மா."

நர்ஸ் சிலேஷே தன் விதையைப் பார்த்தாள். அந்த வேனின் பின் சன்னல்களில் வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கும்.

"அங்கேருந்து எனக்கு என்னடா தெரியும்?"

"பெம்பாக்காரியை முன்னால உக்கார வெச்சா குரங்கெல்லாம் காட்டை விட்டே ஓடிரும். 'மிளகாயோட வந்துட்டாடா'ன்னு."

சக்காலாவுக்குப் புரையேறியது.

அவள் பெம்பா இனம், அவன் இங்கோனி இனம். ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள், இப்போது கேலி முறை: பெம்பாக்காரர் குரங்குதின்னி, இங்கோனிக்காரர் எலிதின்னி. முறைக்காரர் எதையும் சொல்லலாம், எதையும் கேட்கலாம். கோபப்பட்டவர் தோற்றார். அவள் அப்பாவை அடக்கம் செய்த அன்று ஜேரே குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டான். கோழிக்கறி தருவதாகச் சொன்ன பிறகுதான் எழுந்தான். அழுதுகொண்டிருந்த அவள்தான் முதலில் சிரித்தாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் அவளுக்குப் பெம்பாக்காரர்களின் ஊரான கசாமாவுக்கு மாற்றல். எங்கிருந்தோ விமானத்தில் வந்து இறங்குகிறவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போகிற சிறுத்தையை, இத்தனை காலம் பக்கத்தில் இருந்தும் அவள் கண்டதில்லை. இந்தச் சனிக்கிழமையை விட்டால் இல்லை.

"மச்சான், முறைக்காரி கேக்கறேன். முன் சீட்டைக் குடு."

முறைக்காரி கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் விலை வைக்கலாம். ஜேரே தன் மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்தான். பிளந்த குச்சியில் வரிசையாக, உப்பில் வெந்து காய்ந்த வயல் எலிகள். முடி, வால், மீசை எல்லாம் இருந்தன.

"ஒண்ணு தின்னு. இவங்கல்லாம் பாக்கணும். சீட் உனக்கு."

'எலிதின்னி' என்பதுதான் இத்தனை நாள் அவள் அவனை அடித்த ஒரே கம்பு. தின்றுவிட்டால் அதுவும் போயிற்று. சேதி அவளுக்கு முன்னால் கசாமா போய்ச் சேரும்.

"வாலுமா?"

"வாலுதான் ருசியே."

சிலேஷே மரக்கிளையிலிருந்து தொங்கும், புள்ளி போட்ட வேறொரு வாலை நினைத்துக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. வாயில் போட்டு மென்றாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. விழுங்கினாள்.

"த்தூ. உப்பும் பத்தல, ஒண்ணும் பத்தல. எங்க குரங்கு கால் தூசிக்கு வருமா இது?"

சக்காலா மேசையைத் தட்டிச் சிரித்தான். ஜேரே தன் விதையைப் பானைக்குப் பக்கத்தில் நகர்த்தினான்.

"போய்த் தொலை. சிறுத்தை உன்னைப் பாத்து மரத்தை விட்டு இறங்கி ஓடாம இருந்தா சரி."

மணி அடித்தது. எல்லோரும் கலைந்தார்கள். ஜேரே மட்டும் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தான். வாசல்வரை போன சிலேஷே நடையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"மச்சான், சத்தம் போடாத. இன்னொண்ணு இருக்கா?"