நாலு நாள் பாக்கி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு ஜப்திப் பட்டியலில் நானே எழுதிய வரியிலிருந்து: ‘பாதி நெய்த பட்டுப்புடவை, ஒன்று.’ அறுபத்தேழில், பட்டு வியாபாரம் படுத்துக் கிடந்தபோது எழுதியது. பூவராகவன் என்ற பட்டுக்கடைக்காரர் திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். கடைச் சொத்தைக் கையகப்படுத்த கோர்ட் நியமித்த ரிசீவரிடம் நான் கணக்கர்.

2

‘பாலாற்றின் மேல் பொழுது சாய்ந்துகொண்டிருந்த அந்த...’

[வேண்டாம். நான் போனது காலை பதினொரு மணிக்கு. ஆற்றைப் பார்க்கவே இல்லை.]

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் கண்ணாயிரத்தின் வீடு. தறி அவருடையது, அதைச் சட்டம் தொடாது. தறியில் ஏறியிருந்த பட்டும் ஜரிகையும் கடைக்காரருடையவை. அவற்றை அறுத்து எடுத்து வர வேண்டும்.

“முந்தி மட்டும்தான் பாக்கி சாமி. நாலு நாள் குடுங்க, முடிச்சி நானே எடுத்துக்கினு வந்து குடுக்கறேன்,” என்றார் கண்ணாயிரம்.

முடிந்த புடவைக்குத்தான் கூலி. அவருடைய இருபது நாள் உழைப்பு அதில் இருந்தது.

“இன்னைக்கே லிஸ்ட் போகணும்,” என்றேன்.

“பாதிப் புடவைய அறுக்கறது, ஊட்ல சாவு விழுந்தாக்கூட செய்ய மாட்டோம் சாமி,” என்றாள் அவர் மனைவி லோகாம்பாள்.

3

முதல் பிரதியில் கண்ணாயிரம் அழுதார். [அழவில்லை. அழுதால் எனக்கு மனம் இளகியதாகக் காட்டிக்கொள்ளலாமே என்று எழுதினேன்.]

இரண்டாம் பிரதியில், “நீங்க அறுத்தா நூலு சிக்கிக்கும், குடுங்க,” என்று கத்தரிக்கோலை அவரே வாங்கிக்கொண்டார்.

அதுவும் பொய். அறுத்தவன் நான்.*

* ஆபீஸ் கத்தரிக்கோல். காகிதம் வெட்டுவது. கோணலாகத்தான் அறுக்க முடிந்தது. முடியும்வரை அவர் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை.

4

முடிவுகள்.

ஒன்று: நாலு நாள் கொடுத்தேன்.

இரண்டு: கொடுத்ததற்காக ரிசீவர் என்னைக் கூப்பிட்டுத் திட்டி...

[எழுத வரவில்லை. அவர் பட்டியலையே பார்க்கவில்லை. நான் கொண்டுபோன மூட்டை பதினோரு மாதம் கட்டுப் பிரிக்காமல் கோர்ட் கிடங்கில் கிடந்தது. எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு. எலிப்புழுக்கை எதற்குக் காய வேண்டும்? அன்று அவசரப்பட்டவன் நான் ஒருவன்தான். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.]

கண்ணாயிரத்துக்குக் கூலி கிடைக்கவில்லை. இதற்குப் பிரதி கிடையாது.

5

மூன்றாவது முடிவை நீங்கள் எழுதுங்கள். அவருக்கு அந்த நாலு நாளைக் கொடுங்கள். முந்தியை முடிக்கட்டும், கூலியும் வாங்கட்டும்.

கொடுத்தவன் நான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.