மூடாத மைக்

மனைவி மதுராவின் முதலாண்டு ஆட்டைத் திவசத்துக்கு இரண்டு நாள் இருந்தபோது லோஜன் அவளுடைய கணினியைத் திறந்தான். கண் தெரியாத பிள்ளைகளுக்காக அவள் பத்தாம் தர வரலாற்றுப் புத்தகத்தை வாசித்துப் பதிந்து வந்தாள். ஒன்பது பாடம் முடித்திருந்தாள். பிள்ளைகளின் விடுதியிலிருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள். இருமலையும் இடைவெளியையும் வெட்டிக் கொடுத்தால் அவள் தொடங்கிய ஒன்றாவது உருப்படும்.

அது லினக்ஸ் கணினி. கொழும்பில் வேலையிலிருந்தபடியே தொலைபேசியில் அவன்தான் பழக்கினான். அல்சாமிக்சர் என்று அடித்தால் ஒலிக் கோடுகள் வரிசையாக வரும். மைக் என்ற கோட்டில் நின்று எம் விசையை அழுத்தினால் மைக் மூடிவிடும் என்று சொல்லியிருந்தான். இணுவில் வீட்டுக்கு யாரும் வந்தால் அவள் எம்மை அழுத்திவிட்டுக் கதைப்பாள். ஹெட்போனில் தன் குரல் நின்றுவிடுவதால் பதிவும் நின்றது என்றே நம்பினாள்.

பதிவில், ஆறாம் பாடத்தின் நடுவில் அவள் வாசிப்பை நிறுத்தினாள். மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கதிரை இழுபட்டது. அடுத்து வந்தது அவனுடைய அண்ணன் சுபாஸ்கரனின் குரல்.

லோஜனுக்கு விளங்கியது. அந்த எம் காதுக்குப் போகும் சத்தத்தை மட்டும் மூடும். உள்ளே பதிவாவதை நிறுத்த எஃப் நான்கை அழுத்தி வேறு பக்கத்துக்குப் போகவேண்டும். அவளைக் குழப்பக்கூடாதென்று அந்தப் பக்கத்தை அவன் காட்டாமல் விட்டிருந்தான்.

"அவருக்குச் சொன்னனீங்களே, அத்தான்?" மதுரா கேட்டாள்.

"சொன்னனான். ஆஸ்பத்திரி ரிப்போட்டும் அனுப்பினனான்."

"என்னவாம்?"

"லீவு குடுக்கமாட்டாங்களாம். உன்னோடை உந்த நோயைப் பற்றிக் கதைச்சால் அவன் உடைஞ்சு போவானாம். நீயும் ஒண்டும் கேளாதை."

காகம் கத்தியது.

"ஓம்," என்றாள். பிறகு விட்ட வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை.

லோஜனுக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. ரிப்போர்ட் வரவில்லை. அந்தப் பதிவு நடந்த ஆவணியிலிருந்து அவன் ஊருக்கு வந்த கார்த்திகை வரை நாளாந்தம் அவளோடு கதைத்தான். சாப்பிட்டீங்களோ என்பாள். அதற்கு மேல் போகமாட்டாள். கடைசியில் அவனைக் கூப்பிட்டபோதும் திடீரென்று வந்த நோய் என்றே அண்ணன் சொன்னான். லோஜன் வந்து சேர்ந்தபின் அவள் நாலு நாள் உயிரோடு இருந்தாள். ஒருக்காலும் அவன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. மருந்தின் மயக்கம் என்று நினைத்திருந்தான்.

அண்ணனைக் கூப்பிட்டான். சுன்னாகத்துக்கு மரக்கறி வாங்கப் போனவன் அப்படியே வந்தான். லோஜன் ஹெட்போனை அவன் காதில் மாட்டினான்.

கேட்டு முடித்துச் சுபாஸ்கரன் அதை மெதுவாகக் கழற்றினான். உன்னுடைய கனடா விசா நேர்முகம் அந்த நேரம்தான் இருந்தது என்றான். விட்டால் திரும்பக் கிடைக்காது, மருந்தோடு அவளுக்குச் சுகமாகிவிடும் என்று நம்பினேன் என்றான்.

"ஆருக்காகச் செய்தனான்? உனக்காகத்தானே."

"நான் வந்த பிறகு நாலு நாள் அவளுக்கு உயிர் இருந்தது. அப்பவாவது அவளிட்டைச் சொன்னனீங்களோ, எனக்குத் தெரியாதெண்டு?"

சுபாஸ்கரன் சாரத்தை அவிழ்த்துக் கட்டினான்.

"அந்த நேரத்திலை எப்பிடியடா சொல்லுறது."

"திவசத்துக்கு நீங்கள் வரவேண்டாம், அண்ணை."

"சனம் கேட்டால் என்னத்தைச் சொல்ல?"

"ஏதாவது நான் சொன்னனெண்டு சொல்லுங்கோ. உங்களுக்குப் பழக்கம்தானே."

அண்ணன் போன பிறகு லோஜன் அந்தத் துண்டை வெட்டி எடுத்துத் தனியாகச் சேமித்தான். மிச்சம் மூன்று பாடம் இருந்தது. அவற்றில் இடைவெளி வந்த இடங்களையெல்லாம் சத்தத்தைக் கூட்டிக் கேட்டான். பால்காரரோடு கதைத்தாள். கிளினிக் திகதியை யாருக்கோ சொன்னாள். ஒன்பதாம் பாடத்தின் கடைசி இடைவெளியில் பக்கத்து வீட்டு நல்லம்மாவிடம் மிளகாய் காய்ந்துவிட்டதா என்று கேட்டாள். அவனைப் பற்றி எங்கும் ஒரு சொல் இல்லை.