மணிக்கூண்டைப் பார்க்கத்தான் வேண்டுமா?

1

இந்தக் கதை ஒரு பத்திரிகைக்காரர் கேட்ட கேள்வியில் பிறந்தது. "ஊருக்கு வர்றவங்க நம்ம மணிக்கூண்டைப் பார்க்கத்தான் வேணுமா? நடுநிலையா எழுதிக் கொடுங்க" என்றார். நடுநிலையா? என் தங்கை அதில் கயிற்றில் தொங்கி, கல் இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து அடைத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் போய் நடுநிலை கேட்டால்!

முதல் தொடக்கம்: "பல நூற்றாண்டுகளாகத் தலைநிமிர்ந்து நிற்கும் அந்த..." (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது தொடக்கம்: "எங்கள் அப்பா ஒரு கல்நெஞ்சக்காரர்." (பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.)

2

அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"நாளையோட வேலை முடியுதுப்பா. கயிறெல்லாம் கழட்டிடுவாங்க. ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றாள் தங்கை.

"காலம்பூரா அதைச் சுத்திச் சுத்தித்தானே வண்டி ஓட்டினேன்? அதுல பார்க்க என்னம்மா இருக்கு?"

"மணிக்கூண்டை இல்லப்பா, என்னைய..."

முடிக்காமல், சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள்.

(இங்கே பேனாவை வைத்துவிட்டேன். கல்நெஞ்சக்காரர் என்றால், அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வழியாகப் போகும் பஸ்ஸில்கூட இவர் ஏறாதது ஏன்? நேராகக் கேட்டேன். "அவ அந்தரத்துல தொங்குறதைப் பார்க்க எனக்கு தைரியம் இல்லடா" என்றார். ஆக, இரண்டாவது தொடக்கம் பொய். அடித்துவிட்டேன். ஆனாலும் உங்கள் கண்ணில் படட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

3

மறுநாள் அவரைத் தூக்கிக்கொண்டு போகாத குறைதான். மணிக்கூண்டின் அடியில் நின்று என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் நிமிர்ந்தபடியே நின்றார்.

"அடேயப்பா! நம்ம வீட்டுப் பிள்ளையாடா அது?"

அதோடு நின்றிருக்கலாம். வலது கையை உயரத் தூக்கி ஆட்டினார். வந்தது வினை. கீழிருந்து யார் கையைத் தூக்கினாலும் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் தொழில் வழக்கம். விசில் பறந்தது. தொங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மேஸ்திரி ஓடிவந்தார்.

"யாருய்யா கையைத் தூக்கினது?"

"நான்தான். அது என் பொண்ணு."

"மேல தொங்குற எல்லாருமே யாரோ பெத்த பிள்ளைங்கதான். கையைக் கீழ போடுங்க பெரியவரே!"

4

முடிவு ஒன்று: தங்கை இறங்கிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (சினிமா.)

முடிவு இரண்டு: "மானத்தை வாங்கிட்டீங்களேப்பா!" என்று எரிந்து விழுகிறாள். (என் தங்கையாயிற்றே, இதுதான் பொருந்தும்.)

எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அவள் இறங்குவதற்கு முன் நடந்ததுதான் எனக்கு முக்கியம். வெளியூர்த் தம்பதி ஒன்று அப்பாவிடம் வந்து, "ஐயா, இது அவசியம் பார்க்க வேண்டிய இடமா? நின்னு சுத்திப் பார்த்தா அரை நாள் போயிடுமே" என்று கேட்டது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவர் சொன்ன பதிலை நான் எழுதினால், குடும்பப் பெருமை பீற்றுகிறான் என்பீர்கள். பீற்றத்தான் ஆசை. இருந்தாலும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அவர் பேசப் பேச, அந்த இருவரும் மணிக்கூண்டை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.