சிக்லிட்டுக்குத் துணை

இரண்டாம் தாரமாக வந்தவளை அந்த வீட்டில் முதல் நாளே ஒதுக்கிவைத்தது மீன்தான். கணவரின் முதல் மனைவி வளர்த்த சிக்லிட், உள்ளங்கை அகலம். மூத்தவள் இறந்து இரண்டு வருடமாகியும், மாலை ஐந்து மணியானால் தொட்டியின் இடது மூலைக்கு வந்து நிற்கும். அதன் எதிரே மூத்தவள் உட்கார்ந்த நாற்காலி, காலியாக. இளையவள் தீனி தூவினால் ஏறெடுத்தும் பார்க்காது. அவள் தோளுக்கு மேலே யாரையோ பார்க்கும். எத்தனையோ முறை திரும்பிப் பார்த்துவிட்டாள். சுவர்தான் இருந்தது. ஆனாலும் முதுகு சில்லிடும்.

மூத்தவளின் சீப்பை அலமாரிக்குள் வைத்தால் மறுநாள் பழையபடி கண்ணாடிக்கு முன்னால் இருக்கும்.

"நீங்களா எடுத்து வச்சீங்க?"

"நான் ஏன் எடுக்கப்போறேன்?" என்பார் அவர். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாத மனுஷர். சந்தேகப்படவா முடியும்?

மீனுக்கு ஒரு துணை சேர்ந்துவிட்டால் தனக்கும் அந்த வீட்டில் இடம் கிடைத்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அசட்டு நினைப்புதான். வேறு நினைப்பு கைவசம் இல்லை.

முதலில் வாங்கியவை வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்பவை. குளிர் தாங்காமல் செத்தன. அடுத்தவை குளிரைத் தாங்கின, சிக்லிட்டைத் தாங்கவில்லை. மூன்றாம் முறை மீன்கடைக்காரர் உட்காரவைத்துச் சொன்னார்.

"அக்கா, அது குளிர்ந்த ஆத்துல வாழுற ஜாதி. குளிர் தாங்கி, மேல்தண்ணியில வேகமா ஓடுற மீனுதான் அதோட ஒத்துப்போகும். ஆனா முதல்ல தொட்டியில இருக்குற கல்லை எல்லாம் இடம் மாத்துங்க. இப்ப அது பட்டா போட்டு வச்சிருக்கு. இடம் புதுசாயிட்டா, யாரு முந்தி வந்தா யாரு பிந்தி வந்தான்னு இருக்காது."

தொட்டியில் மூன்று கற்கள், மூத்தவள் அடுக்கியவை. கணவரிடம் கேட்டாள்.

"உன் இஷ்டம்," என்றார், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

மறுநாள் மதியம் மூன்றையும் வலப்பக்கம் நகர்த்தினாள். சிக்லிட் விலாசம் தொலைத்தவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அவள் விரலிலிருந்தே ஒரு தீனியைக் கவ்வியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்கு ஓடினாள்.

பையில் நான்கு மீன்களோடு திரும்பியபோது மணி ஐந்து. மூன்று கற்களும் இடப்பக்கம், பழைய அடுக்கில். மூலையில் சிக்லிட் நின்றது. அப்போதும் திரும்பி அந்தச் சுவரைத்தான் பார்த்தாள்.

"ஏங்க... யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையே."

பக்கத்தைப் புரட்டினார். வலது சட்டைக்கை முழங்கைவரை நனைந்திருந்தது. பூட்டிய பொத்தானில் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது.

பேய் என்றால்கூட அவள் தாங்கியிருப்பாள். அதனோடு மல்லுக்கு நின்றிருப்பாள்.

பையைத் திறக்காமலே கடைக்கு நடந்தாள்.

"என்னக்கா, கல்லை மாத்தலையா? கனமா இருந்தா வீட்டுக்காரரைத் தூக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவர்தான் தூக்கி வச்சாரு."

கடைக்காரர் பையை அவிழ்த்து மீன்களைப் பழைய தொட்டியில் விட்டார். நான்கும் கூட்டத்தில் கலந்து, எது எதுவென்றே தெரியாமல் போயின. அவர் கடையைச் சாத்தும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.