தொண்டைக்கு ஒரு துண்டு

2023 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை காலை. மிலான் நகரின் வடக்கே, அஃபோரி வட்டாரத்தில், தர்ச்சீசியோவின் காபிக்கடையில் ஒரு பனெத்தோனே முப்பத்திரண்டு யூரோவுக்கு விற்பனையானது.

பனெத்தோனே கிறிஸ்துமஸ் கேக். வெண்ணெய், சர்க்கரை, உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல். டிசம்பரில் அது இல்லாத வீடு கிடையாது. ஜனவரி ஆறாம் தேதியோடு பண்டிகை முடிந்துவிட்டால் அதைச் சீண்ட ஆளிருக்காது. பெரிய கடைகளுக்கு ஏழைகளின் ஞாபகம் வருவது அப்போதுதான். மிஞ்சியதையெல்லாம் லாரியில் ஏற்றி, உணவு வழங்கும் சங்கங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். கிடங்கு காலியாகும், கொடுத்தது வரியிலும் கழியும்.

எங்கள் வட்டாரத்துச் சங்கத்துக்குத் தலைவி லுதோவிக்கா. அவருடைய பேச்சில் பசி என்ற சொல் வராது. வரிசையில் நிற்பவர்களை அவர் 'நொறுங்கக்கூடியவர்கள்' என்பார். கண்ணாடிச் சாமான் வரும் பெட்டியில் ஒட்டியிருக்குமே, அதே சொல். பசித்தவர்கள் என்று சொன்னால் பசிக்க விட்டது யார் என்ற கேள்வி எழும். நொறுங்குவது கண்ணாடியின் குணம். அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நொறுங்கக்கூடியவர்களில் ஒருத்தி நிவெஸ். ஒரு சலவை நிலையத்தில் முப்பது வருஷம் இஸ்திரி போட்டவள். கணவன் எர்மெஸ் டிராம் பட்டறையில் இருந்தவன். இரண்டு பேரின் ஓய்வூதியமும் வாடகைக்கும் எரிவாயுவுக்கும் போனது போக, மாதத்தின் மூன்றாம் வாரத்தைத் தாண்டாது. எர்மெஸுக்குச் சர்க்கரை நோய். போன வருஷம் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். முட்டை, பருப்பு, கீரை சாப்பிடட்டும், இனிப்பு வாசலுக்கே வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஜனவரி மூன்றாம் வாரம் சங்கத்தின் பையில் ஒரு பாஸ்தா பொட்டலமும் மூன்று பனெத்தோனேயும் இருந்தன. பை கொடுப்பவர் குவால்த்தியேரோ, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.

"போன வாரமும் மூணு, அதுக்கு முந்தின வாரமும் மூணு குடுத்தீங்க சார். வீட்ல சர்க்கரைக்காரர் இருக்காரு. இதுக்குப் பதிலா நாலு முட்டை குடுங்களேன்."

"முட்டை வரலைம்மா. வந்ததைத்தானே குடுக்க முடியும்?"

"அப்ப இதை நீங்களே வச்சுக்குங்க."

"பையை முழுசா வாங்கணும், இல்லன்னா வேணாம்னு கையெழுத்துப் போடணும். ரெண்டு தடவை வேணாம்னா சங்கத்துக் கார்டு போயிடும். உங்க இஷ்டம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொஞ்சமா சாப்பிடச் சொல்லுங்க. பண்டிகை ருசி!"

"பண்டிகை முடிஞ்சு ரெண்டு வாரமாச்சு சார்."

வாங்கிக்கொண்டு வந்தாள். துணி அலமாரியில் இப்போது ஒன்பது பெட்டிகள்.

"திறந்தா அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி நிக்குது. வாடகைக்கு விட்டுடலாமா?" என்றான் எர்மெஸ்.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் அவள் வெளியே போய்த் திரும்பியபோது பெட்டி ஒன்று திறந்திருந்தது. கால்வாசி கேக்கைக் காணோம். விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை முந்நூற்று நாற்பது.

"இன்னொரு விரலையும் குடுக்கப் போறியா, கிழவா?"

"பசிச்சுது நிவெஸ்."

அவள் மீதி எட்டையும் இரண்டு துணிப்பைகளில் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாடும் போடும் தர்ச்சீசியோவின் காபிக்கடைக்குப் போனாள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி புனித பியாஜோவின் நாள். கிறிஸ்துமஸில் எடுத்துவைத்த பனெத்தோனேயில் ஒரு துண்டை அன்று காலை வெறும் வயிற்றில் தின்றால் வருஷம் முழுக்கத் தொண்டைக்கு நோய் வராது என்பது மிலான்காரர்களின் நம்பிக்கை. வெறும் வயிறு என்ற நிபந்தனை எங்கள் வட்டாரத்தில் பலருக்குச் சிரமமில்லை. எடுத்துவைக்க மறந்தவர்கள்தான் கடை கடையாக அலைவார்கள்.

"ஒண்ணுக்கு நாலு முட்டை, கால் கிலோ கொண்டைக்கடலை, ஒரு கோஸ். காசு வேணாம்" என்றாள் நிவெஸ்.

"சூப்பர் மார்க்கெட் சரக்கு. பெட்டியைப் பார்த்தாலே தெரியுதே."

"பெட்டியைத் தூக்கிப் போடு. தங்கக் காகிதம் கட்டுக் கட்டா வச்சிருக்கியே, அது எதுக்கு?"

தர்ச்சீசியோ சிரித்துவிட்டார். "நீ பேங்குல வேலை பார்த்திருக்கணும், நிவெஸ்."

"பார்த்திருந்தா வரிசைக்கு அந்தப் பக்கம் நின்னிருப்பேன்."

எட்டும் கைமாறின. வாரம் திரும்புவதற்குள் எர்மெஸின் சர்க்கரை நூற்றெழுபதுக்கு இறங்கியது.

புனித பியாஜோ நாளன்று மாதா கோயில் கூடத்தில் சங்கம் விழா எடுத்தது. நகராட்சி உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார், படம் பிடிக்க இரண்டு பேரும் வந்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்குக் காகிதத் தட்டில் கிடங்குச் சரக்கு. மேடை மேசைக்கு அது சரிப்படாது என்று லுதோவிக்கா அன்று காலை தானே போய், தங்கக் காகிதம் சுற்றிய, கையால் செய்த பனெத்தோனே ஒன்றை வாங்கி வந்திருந்தார். விலை முப்பத்திரண்டு யூரோ.

ஒரு துண்டை வாயில் போட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பார்த்தீங்களா? கையால செஞ்சதுக்கும் மெஷின்ல செஞ்சதுக்கும் நாக்கு வித்தியாசம் சொல்லிடும்."

"வெண்ணெயே தனி" என்றார் நகராட்சி உறுப்பினர், இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே.

எல்லாரும் தின்று முடித்தபின் மேசையைத் துடைக்க வந்த குவால்த்தியேரோ, கேக்கைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கசக்கப் போனவர் நின்றார். உறையின் அடியில், பெட்டி மாறினாலும் தெரியட்டும் என்று சங்கம் திறந்து ஒட்டும் பச்சை முத்திரை இருந்தது. 'தானப் பொருள். விற்கக் கூடாது.' அதன் கீழே, அவர் கையெழுத்திலேயே, நிவெஸின் அட்டை எண்.

மறுநாள் நிவெஸைக் கூப்பிட்டார்கள்.

"நம்பிக்கைத் துரோகம் இது" என்றார் லுதோவிக்கா. "உங்க மேல அக்கறைப்பட்டுக் குடுத்ததை வித்திருக்கீங்க."

"விக்கலைங்க மேடம். முட்டைக்கு மாத்திக்கிட்டேன். வித்தது தர்ச்சீசியோ."

"அவர் வியாபாரி. அவர் விக்கத்தான் செய்வார்."

"நான் என்ன செய்யணும்? சர்க்கரைக்காரருக்குக் கேக்கை ஊட்டணுமா?"

"உங்களுக்கு வேணாம்னா வேற ஒரு நொறுங்கக்கூடிய குடும்பத்துக்குப் போயிருக்குமே!"

"போச்சே மேடம். உங்க மேசைக்குத்தானே போச்சு?"

குவால்த்தியேரோ இருமினார். லுதோவிக்காவுக்கு முகம் சிவந்தது. சங்கத்தின் பெயர் வெளியே கெடக் கூடாது என்பதால் விஷயத்தை இத்தோடு முடித்துக்கொள்வதாகச் சொன்னார். முடித்துக்கொள்வது என்றால் நிவெஸின் அட்டையை ஆறு மாதத்துக்கு நிறுத்துவது.

"தொண்டை எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள்.

தர்ச்சீசியோவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தானாகவே நிவெஸுக்கு இன்னும் ஒரு டஜன் முட்டை கொடுத்தார், ஒரு தடவை. பிப்ரவரி ஓய்வூதியம் பதினெட்டாம் தேதியோடு தீர்ந்தது. பிறகு வீட்டில் பாஸ்தா, அதன் பிறகு பேக்கரியில் மாலையில் மலிவாகத் தள்ளும் வெள்ளை ரொட்டி.

மார்ச் மாதம் எர்மெஸின் வலது காலில் மூன்றாவது விரலை எடுத்தார்கள். பொது ஆஸ்பத்திரியில் ஒன்றரை வாரம் இருந்தான். சர்க்கரை நோயாளிகளுக்கான சாப்பாடு வேளை தவறாமல் கட்டிலுக்கே வந்தது. அவித்த முட்டை, கொண்டைக்கடலை, கோஸ். அதற்குக் கட்டணம் இல்லை.