பூச்சு உரிந்த போல்ட்டுகள்

மின்சாரக் கார்களுக்கு பேட்டரி பெட்டி செய்யும் கம்பெனியில் அவள் கொள்முதல் அதிகாரி. பெட்டியின் அலுமினிய மூடியை இறுக்கத் துருப்பிடிக்காத போல்ட் தேடி, போல்ட் செய்யும் ஒரு வெளியூர் ஆலைக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. வீட்டில் கணவனும் கைக்குழந்தையும்.

ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்திருந்த அன்று, போல்ட்டுகள் துருப்பிடிக்கின்றனவா என்று உப்புநீர் தெளித்துப் பார்க்கும் சோதனைப் பெட்டியைத் திறந்தாள். சில போல்ட்டுகளில் தலைக்குக் கீழே பூச்சு உரிந்து துரு படர்ந்திருந்தது.

"லேசாத்தான் மேடம். கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க, பாப்பா தேடுமில்ல," என்றார் ஆலை மேலாளர்.

கையெழுத்துப் போட அவளுக்கும் ஆசைதான். ஆனால் துரு அரித்த இடம் வழியாக பேட்டரிக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் தீப்பிடிக்கலாம் என்று தெரியும். அந்தக் கார்களிலும் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும்.

"வேற பூச்சு போட்டுக் குடுங்க. இருந்து பார்த்துட்டே போறேன்," என்றாள்.

வீடியோவில் கணவனிடம் சொன்னாள்.

"இன்னும் ஒரு வாரமா?" என்றவன், வலியச் சிரித்தான். "சீக்கிரம் வந்து சேரு. இவ இப்ப போனைத்தான் அம்மாங்கிறா."

மகள் திரையெல்லாம் எச்சிலாக்கி முத்தம் கொடுத்தாள். இங்கே அவள் போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். பேசிப் பேசிச் சூடேறியிருந்தது. அது குழந்தையின் சூடாக இல்லை.